ஆண்டுக்கொரு பரிசோதனை: செய்யப்போவது யார்?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு முதலாளி தன் செலவில் ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்துதர வேண்டும் என்பது அவற்றில் ஒரு முக்கியமான ஏற்பாடு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வாலாஜாபேட்டையில் தொடங்கி ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்யப்போவது யார்? எதைத் தேடிப் பார்க்கப்போகிறார்கள்?

ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, எடை போட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். குரோமியம் அரித்த மூக்கும், பசையின் ஆவியால் மரத்துப்போன காலும் அந்தத் தாளில் ஏறாது. ஏற வேண்டுமானால், தொழிலையும் உடம்பையும் சேர்த்துப் படித்த ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அவர் ஒரு செவிலியராக இருப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அப்படிப்பட்ட செவிலியரை உருவாக்கும் பட்டமேற்படிப்பு தமிழ்நாட்டில் தொடங்கப்பட வேண்டும், அதுவும் இந்த வட்டாரத்தில் தொடங்கப்பட வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் கோரிக்கை.

தொட்டியிலிருந்து தையல் வரை

தோல் தொழிற்சாலைக்குள் போகாதவர்களுக்கு அது ஒரு நாற்றம், அவ்வளவுதான். உள்ளே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு ஆபத்து இருக்கிறது.

உப்புப் போட்ட பச்சைத் தோல் முதலில் ஊறவைக்கப்படுகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த தொட்டியில் முடி கழல்கிறது. அந்தச் சல்பைடு கழிவு, அமிலம் கலந்த வேறொரு கழிவோடு சேரும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே வாயுதான். பள்ளிக்கூடம் சொல்லித்தராத ஒன்று உண்டு. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை அது எட்டும்போது மூக்கின் மோப்பம் செத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிச் சாவுகள் இருவர், மூவர் என்று ஒன்றாக நிகழ்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது குரோமியம். சுழலும் டிரம்முக்குள் குரோமிய உப்போடு உருண்டு, தோல் நீலம் பாரித்து வெளியே வருகிறது. பதனிடப் பயன்படும் மூவிணைய குரோமியம் அவ்வளவு கொடியதல்ல என்பது உண்மை. ஆனால் அது சில சூழல்களில் அறுவிணைய குரோமியமாக மாறும். அந்த வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே உறுதிப்படுத்திவிட்டது. அறுவிணைய குரோமியம் கையில் இருக்கும் சிறு கீறல் வழியாகப் புகுந்து வட்டமாக, ஓரம் தடித்த குழிப்புண்ணை உண்டாக்கும். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை போடும். இரண்டும் பெரிதாக வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

அதற்குப் பிறகு தோலைச் சீவும் எந்திரம், தேய்க்கும்போது கிளம்பும் தூசு, சாயம், மேற்பூச்சின் கரைப்பான் ஆவி. தோல் ஷூவாக மாறும் கம்பெனிகளில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பெண்கள். நாளெல்லாம் நின்றபடி வேலை, எந்திரச் சத்தம், இலக்கு எட்டவில்லை என்றால் திட்டு, அடக்கிவைத்த சிறுநீர், ஒட்டும் மேசையில் பசை.

அந்தப் பசையைப் பற்றி ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1960-களில் அங்கே மியே மாவட்டத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் மரத்தது, தசை சூம்பியது, சிலரால் நடக்கவே முடியவில்லை. பசையில் இருந்த என்-ஹெக்சேன் என்ற கரைப்பான்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் தங்கள் வீட்டின் சிறு அறையில், சன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்தவர்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கையாளுவது ஊசியும் நூலும்தான் என்றாலும் கண்ணும் கழுத்தும் விரலும் படும் பாட்டை எந்தத் தொழிற்சாலைப் பதிவேடும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் ஊரில் ஒருவர் கால் மரத்துப்போகிறது என்று வந்தால் முதலில் சர்க்கரை பார்க்கிறோம். அது தவறில்லை. சர்க்கரை இருந்துவிட்டால் அதோடு கேள்வி முடிந்துபோகிறது பாருங்கள், அதுதான் சிக்கல். பசை மேசையில் பத்து வருடம் உட்கார்ந்தவருக்குச் சர்க்கரையும் இருக்கலாம்.

கேட்கப்படாத ஒரு கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அவர் சொன்னார். அந்த நூலில் தோல் பதனிடுவோரும் இடம்பெற்றிருக்கிறார்கள். முந்நூறு வருடம் கழித்தும் நம் புறநோயாளிச் சீட்டுகளில் தொழில் என்ற இடம் காலியாகவே இருக்கிறது. நிரப்பினாலும் 'கூலி' என்பதோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோன அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது, தகுதியான விருது. அதே 2024-இல் தொழிற்சாலைகளுக்குள்ளும் அது விரிந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், மறுபடி ஆரம்ப சுகாதார நிலையம் போக நேரமில்லாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கேயும் தேடப்படுவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு, தொழிற்சாலையால் வரும் நோயைத் தவிர மற்றதைத் தேடுகிறோம்.

சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான செய்முறைகளுக்கென்று ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்பில் அடங்கிவிட்டது; ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதல் அதிலும் உண்டு. அங்கே வேலைக்குச் சேரும் முன் பரிசோதனை, சேர்ந்த பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை, உடல்நலப் பதிவேடு எல்லாம் முதலாளியின் கடமை. இதற்கு 40 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. குரோமியப் புண் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. ஈ.எஸ்.ஐ. விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: பட்டியலிட்ட வேலையில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்குக் குரோமிய நோய் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்பட்டு இழப்பீடு கிடைக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்து என்ன பயன்? நோயின் பெயரை முதலில் ஒருவர் எழுத வேண்டும். எழுதினால்தான் அறிவிப்பு, இழப்பீடு, ஆய்வு எல்லாம் அதன் பின்னால் வரும்.

ஏன் செவிலியர்?

மருத்துவர்கள் செய்யட்டுமே என்று கேட்கலாம். தொழிற்சாலை மருத்துவர்களுக்கென்று மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் அதை நடத்துகிறது. படித்து வருகிறவர்கள் பெரிய ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள். நடுத்தரத் தோல் தொழிற்சாலையில் மருத்துவர் என்றால் வாரத்தில் சில மணி நேரம் வந்து கையெழுத்திட்டுப் போகிறவர். நாள் முழுக்க அங்கேயே இருந்து யாருடைய கை எப்போது வெடித்தது, எந்த ஷிப்டில் இருமல் அதிகம், புது டிரம் வந்த பிறகு எத்தனை பேருக்குக் கண் எரிந்தது என்று கவனிக்கக்கூடியவர் செவிலியர்தான். பெண்கள் நிறைந்த ஷூ கம்பெனியில் மாதவிடாய், கர்ப்பம், கருச்சிதைவு பற்றி நர்ஸம்மாவிடம்தான் பேச முடியும்.

இது ஒன்றும் புதிய யோசனையல்ல. இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடுகுத்தூள் தயாரித்த கோல்மன் நிறுவனம் 1878-இல் பிலிப்பா ஃபிளவர்டே என்ற செவிலியரை வேலைக்கு வைத்தது. காலையில் ஆலை மருந்தகத்தில் மருத்துவருக்கு உதவுவார். பிற்பகலில் நோயுற்ற தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போவார். அமெரிக்காவில் வெர்மான்ட் பளிங்குக்கல் நிறுவனம் 1895-இல் ஏடா ஸ்டூவர்ட்டை அமர்த்தியது.

அமெரிக்காவில் 1970-இல் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சட்டம் மட்டும் போதாது, ஆள் வேண்டும் என்பதை உணர்ந்தார்கள். 1977 முதல் அரசுப் பணத்தில் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் திறந்தார்கள். அங்கே தொழில்நலச் செவிலியம் முதுநிலைப் படிப்பாக வளர்ந்தது. செவிலியரும் மருத்துவரும் பாதுகாப்புப் பொறியாளரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து நச்சியல் படிக்கிறார்கள். காற்றின் மாதிரியை எடுக்கப் பழகுகிறார்கள். ஒரு நோய் நான்கு பேருக்கு வந்தால் அது தற்செயலா, பொதுக் காரணமா என்று கணக்குப் போடக் கற்கிறார்கள். இந்தக் கணக்குதான் சாதாரணச் செவிலியப் படிப்பில் இல்லாதது. ஒருவர் கையில் புண் என்றால் மருந்து. ஒரே டிரம் அருகில் வேலை செய்யும் நான்கு பேர் கையில் புண் என்றால், மருந்தோடு நிறுத்தாமல் போய் அந்த டிரம்மைப் பார்க்க வேண்டும்.

நம் நிலைமை என்ன? இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதிப்படி எம்.எஸ்சி. செவிலியத்தில் அறுவை மற்றும் மருத்துவச் செவிலியம், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து பிரிவுகள். தொழில்நலம் சமுதாய நலப் பாடத்துக்குள் ஒரு பகுதியாக அடங்கிவிடுகிறது. தேர்வுக்கு முன்னால் புரட்டுகிற சில பக்கங்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் தோல் தொழிற்சாலை முதலுதவி அறைக்குப் போனால், அங்கே அவர் கையில் இருப்பது பஞ்சு, டிஞ்சர், தலைவலி மாத்திரை. பல இடங்களில் அவர் செய்யும் மறைமுக வேலை, லீவு கேட்கிறவர் உண்மையிலேயே நோயாளியா என்று மேற்பார்வையாளருக்குச் சொல்வது.

பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஆயத்த ஆடைத் தொழில் காட்டிவிட்டது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே எடுத்துக்கொடுத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு வெளியே கொண்டுவந்தது. என்ன மாத்திரை, எத்தனை நாள், என்ன பின்விளைவு என்று யாரும் சொல்லவில்லை. உற்பத்தி நிற்காமல் இருக்க மாத்திரை.

நிலத்தின் கணக்கு உண்டு, உடம்பின் கணக்கு இல்லை

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் எவருக்கும் வேலூர் தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியே ஒரு விமர்சனம்தான்.

இந்த நெடிய வழக்கில் ஏக்கர் கணக்கு இருக்கிறது, கிணற்றுக் கணக்கு இருக்கிறது. அதே குரோமியத்தைக் கையால் அள்ளியவரின் தோலும் நுரையீரலும் அப்படி எண்ணப்படவில்லை. பட்டா வைத்திருந்தவர் மனுக்கொடுக்க முடிந்தது. தொட்டியில் நின்றவரிடம் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடி ஏறத்தாழ முப்பது வருடம் ஆகிறது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலையைக் காட்டித்தான் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. கழிவின் அளவு தெரிகிறது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதை ஒருவர் பின்தொடர்ந்து எழுதிவைத்திருந்தால், குரோமியம் பற்றி உலகத்துக்கே நாம் பாடம் சொல்லியிருக்கலாம்.

2015 ஜனவரி 31 விடிகாலை, அதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்து, அங்கேயே சமைத்து, அந்தக் காற்றையே இரவும் பகலும் சுவாசிக்கிறவருக்குத் தொழில்நலம் எங்கே முடிகிறது, சுற்றுச்சூழல் நலம் எங்கே தொடங்குகிறது? உள்ளூர்க்காரருக்கும் இது பெரிதாக மாறுவதில்லை. டிரம் அருகில் நின்ற உடுப்போடு வீட்டுக்குப் போகிறார்; அதைத் துவைக்கும் மனைவியின் கையிலும் குரோமியம் படுகிறது; குடிக்கும் தண்ணீர் அதே நிலத்தடியிலிருந்து வருகிறது. அதனால்தான் இந்தப் படிப்பு தொழில்நலம், சுற்றுச்சூழல் நலம் இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

ஏன் இங்கே, ஏன் இப்போது?

செவிலியத்துக்கு இந்த மண் புதிதல்ல. ராணிப்பேட்டை ஸ்கடர் நினைவு மருத்துவமனை 1866-இல் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1909-இல் செவிலியர் பள்ளியும், 1946-இல் நாட்டின் முதல் பி.எஸ்சி. செவிலியப் படிப்புகளில் ஒன்றும் வந்தன. அதன் செவிலியர் கல்லூரி தனியாகவே கிராமங்களில் சமுதாய நலத் திட்டம் நடத்துகிறது. வாலாஜாவில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தோல் தொழிலாளி அடிபட்டாலும் மயங்கினாலும் கைராசி பார்க்காமல் ஓடுவது அங்கேதான். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். போரூர் ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நலத்துக்கு வலுவான துறை. ஆசிரியரும் நோயாளியும் ஆய்வுக்கூடமும் சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்துக் கட்டும் பாடத்திட்டம் மட்டும் இல்லை.

இப்போதைய அவசரம் ராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் அமைக்கும் தோல் அல்லாத காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. நெமிலி, அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா சுற்றுக் கிராமங்களிலிருந்து இருபது வயதுப் பெண்கள் பேருந்து பேருந்தாகப் போகப்போகிறார்கள். வேலைக்குச் சேரும் நாளிலேயே அவர்களுடைய செவித்திறனும் மூச்சின் அளவும் தோலும் பதிவானால், பத்து வருடம் கழித்து என்ன மாறியது என்று சொல்ல முடியும். முதல் நாள் பதிவு இல்லாவிட்டால் பிறகு எந்த மேதை வந்தாலும் ஒப்பிட எதுவும் இருக்காது.

எதிர்வாதங்கள் இரண்டு வரும். முதலாவது, ஏற்கெனவே ஐரோப்பியக் கம்பெனிகளின் தணிக்கையும் சுத்திகரிப்புச் செலவும் கழுத்தை நெரிக்கின்றன, இதுவும் வேண்டுமா என்று சிறு முதலாளிகள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு முதுநிலைச் செவிலியரை வைக்கச் சொல்வது அபத்தம். இரண்டாவது, படித்து முடித்ததும் ஜெர்மனிக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார்கள் என்பது. போகத்தான் செய்வார்கள், இங்கே பதவி இல்லாவிட்டால். தொகுப்பூதியத்தில் சேர்ந்த அரசுச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டதை மறந்துவிடக் கூடாது. பட்டத்தை மட்டும் கொடுத்துப் பதவியைக் கொடுக்காத படிப்பு, விமான டிக்கெட்டுக்கான தயாரிப்பாகத்தான் முடியும்.

செய்யக்கூடியவை

முதலில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஓராண்டுப் பட்டயத்தை வடிவமைத்து இந்தியச் செவிலியர் குழுமத்தின் ஒப்புதலைக் கேட்கட்டும். இப்போது கம்பெனிகளிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் பணியில் இருக்கும் செவிலியர்கள்தான் அதன் முதல் மாணவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் சம்பளத்தோடு படிக்க வழி வேண்டும். அதில் கிடைக்கும் அனுபவத்தை வைத்து இரண்டாண்டு எம்.எஸ்சி.யில் ஆறாவது பிரிவாகத் தொழில் மற்றும் சுற்றுச்சூழல் நலச் செவிலியத்தைக் கொண்டுவரலாம். களப்பயிற்சியில் பாதி நாட்கள் தோல் தொழிற்சாலைத் தளத்திலும் வீட்டுத் தையல் நடக்கும் தெருக்களிலும் கழிய வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் வேலை செய்ய உருதும், வடமாநிலத் தொழிலாளரிடம் பேச இந்தியும் கொஞ்சம் தெரிந்திருப்பது மருந்து தெரிவதற்கு அடுத்தபடியான தேவை.

சிறு ஆலைகளின் சிக்கலுக்கு விடை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியாத தோல் தொழிற்சாலைகள் ஒன்றுசேர்ந்து ரானிடெக், வாணிடெக், ஆம்பூர்டெக் என்று பொது நிலையங்கள் அமைத்தன. உறுப்பினர் ஆலைகள் பங்கு போட்டுச் செலவைத் தாங்குகின்றன. அந்த அமைப்புகளின் வழியாகவே பொதுத் தொழில்நல மையங்கள் அமையலாம். ஒரு மையத்தில் இரண்டு முதுநிலைச் செவிலியர், வாரம் இருமுறை வரும் மருத்துவர், மூச்சளவு பார்க்கும் கருவி, செவித்திறன் அறை, வாயு அளக்கும் கருவி. தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் வாயுவை அளந்து அனுமதிச் சீட்டு தரும் பொறுப்பும் அந்த மையத்தில் இருக்கட்டும்.

செவிலியரின் சம்பளம் எந்தத் தனி முதலாளியின் கையிலிருந்தும் வரக் கூடாது. ஆலைகளின் பங்கும் ஈ.எஸ்.ஐ. நிதியும் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்து, அதிலிருந்து வர வேண்டும். நோயை எழுதினால் வேலை போகும் என்ற பயத்தோடு யாரும் நேர்மையாக எழுத மாட்டார்கள். உடல்நலப் பதிவேட்டின் ஒரு பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும், ஒப்பந்தக்காரர் மாறினாலும், ஊருக்கே திரும்பினாலும் அது அவரோடு போகட்டும். பரிசோதனையில் குறை தெரிந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதை மாநில விதிகளில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பரிசோதனை நாளன்று தொழிலாளர்கள் லீவு போட்டுவிடுவார்கள்.

வீட்டில் தைக்கும் பெண்களுக்குத் தொழிற்சாலைச் சட்டம் எட்டாது. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் அவர்கள் வாசலுக்கு ஏற்கெனவே போகிறார்கள். கையில் இருக்கும் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும்: என்ன வேலை, எத்தனை வருடமாக, எந்தப் பொருளைக் கையாளுகிறீர்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். தோல் வட்டாரம் பரவிக்கிடக்கும் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும், வாலாஜா அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டிலும் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவிடலாம்.